வரவு ரங்கூனில், செலவு ஊரில்

(காரைக்குடியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்திய அன்புக்கு நன்றி. அந்தப் பொன்னாடையைப் பற்றி என்னிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பா கணக்கப்பிள்ளை. பதினான்கு வயதில் ரங்கூன் மொகல் தெருவில் ஒரு லேவாதேவிக் கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தார். 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு விழுந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில், நடந்தே இந்தியாவுக்கு வந்த லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். வழியில் பார்த்ததைப் பற்றி அவர் வீட்டில் பேசியதே இல்லை. ஊர் வந்ததும் அதே முதலாளியின் வீட்டில் கணக்கெழுத உட்கார்ந்தார். பல ஆண்டுகள் கழித்து அந்த வீடு பூட்டப்பட்டபோது, எடைக்குப் போக இருந்த பழைய பேரேடுகள் சிலவற்றை எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பள்ளி விடுமுறையில் எனக்குப் பொழுதுபோக்கு அவைதான்.

வரவுப் பக்கத்தைப் புரட்டினால் பெகு, பாசேன், ஹென்சாடா என்று பர்மா ஊர்களாக வரும். செலவுப் பக்கத்தில் எங்கள் ஊர். சுண்ணாம்பு, கருப்பட்டி, முட்டை, கொத்தனார் கூலி, ஊரணிப் படித்துறை, கோயில் திருப்பணி, கல்யாணப் பந்தல், மேளக்காரர் சம்பளம். ஒருநாள் அப்பா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “வரவு ரங்கூன்ல, செலவு ஊர்ல. இந்த ஊருக்குன்னு ஒரு வரவுப் பக்கத்த நான் எழுதுனதே இல்லப்பா.”

அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்தேன். எத்தனையோ நிறுவனங்களின் ஐந்தொகையைப் படித்தேன். என் ஊரைப் பற்றி அந்த ஒரு வாக்கியத்தைவிடத் தெளிவான மதிப்பீட்டை யாரும் எனக்குச் சொன்னதில்லை. “நலிந்துவரும் சொந்த ஊருக்குத் திரும்பி, அதன் பொருளாதாரத்தை மீட்பது” என்ற தலைப்பை நீங்கள் கொடுத்தபோதும் அந்த வாக்கியம்தான் முதலில் நினைவுக்கு வந்தது. மீட்பது என்றால், முன்பு இருந்து பிறகு இழந்ததை மீட்பது. செட்டிநாட்டு ஊர்களுக்குச் சொந்தமாக ஒரு சம்பாத்தியம் எப்போது இருந்தது என்று முதலில் கேட்க வேண்டும் என்று தோன்றியது.

சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் பரந்து கிடக்கும் இந்த ஊர்களை 96 என்பது பழைய வழக்கு. இன்று எண்ணினால் 75ஐ ஒட்டி நிற்கும். மண் வறண்டது, மழை குறைவு, பெரிய ஆறு கிடையாது. ஓட்டுக்கூரையில் விழுகிற மழையை முற்றத்தில் இறக்கிப் பிடிப்பதும், ஊரணியையும் கண்மாயையும் காப்பதும் பிழைப்புக்காகக் கற்ற வித்தை. இந்த மண் சோறு போடாது என்று தெரிந்துதான் செட்டியார்களான நகரத்தார் கடல் கடந்தார்கள். அந்தப் பயணத்துக்கு அவர்கள் வைத்திருந்த சொல் ‘கொண்டுவிக்கப் போவது’. இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று போய், மூன்றாண்டுக் கணக்கு முடித்துத் திரும்புவார்கள். திரும்பும்போது கையில் வந்ததுதான் இந்த ஊர்களைக் கட்டியது. தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. சுவருக்கான சாந்து மட்டும் உள்ளூரில் அரைபட்டது. சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் கருப்பட்டியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த சாந்து, நூறாண்டு கழித்தும் கன்னத்தை வைத்தால் குளிர்கிறது.

அந்தக் காலத்தில் ஊரில் வேலை இல்லாதவர் இல்லை. கொத்தனார், ஆசாரி, செக்கு ஆட்டுபவர், நெசவாளி, பூக்கட்டுபவர், சமையல்காரர், நாகஸ்வரக்காரர், என் அப்பாவைப்போலக் கணக்கெழுதுபவர் என்று எல்லோருக்கும் வேலை இருந்தது. கடன் பிரிவில் உட்கார்ந்த கண்ணோடு பார்த்தால் ஒன்று உறைக்கிறது. இத்தனை பேருக்கும் வாடிக்கையாளர் ஒருவர்தான்: கடலுக்கு அப்பாலிருந்து வந்த வட்டி. ஒரே வாடிக்கையாளரை நம்பி நடக்கும் தொழிலுக்கு நான் யோசிக்காமல் கடன் கொடுத்ததில்லை. ஒரு வட்டாரமே அப்படி நடந்துகொண்டிருந்தது.

அந்த வட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லாமல் போக முடியாது. கீழ்பர்மாவின் நெல் வயல்களிலிருந்து வந்தது. 1930 வாக்கில் பர்மாவில் 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. காட்டை அழித்து வயலாக்கிய பர்மிய உழவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்ததும் கடன் திரும்பவில்லை, நிலம் திரும்பியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில், 1930இல் செட்டியார் கையில் இருந்தது சுமார் 6 விழுக்காடு நிலம். அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் அது 25 விழுக்காட்டைத் தொட்டது. கடைக்காரர்கள் விரும்பியது நிலத்தை அல்ல, பணத்தை. அது உண்மை. நிலத்தை இழந்த உழவருக்கு அந்த உண்மையால் ஒரு பயனும் இல்லை. எங்கள் வீட்டுப் பேரேட்டில் ஹென்சாடா என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய வயல் இருந்தது என்பதை ஐம்பது வயதுக்கு மேல்தான் எண்ணிப் பார்த்தேன். ஊரின் பழம்பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுவதுதான் நேர்மை.

பிறகு நடந்தது நீங்கள் அறிந்தது. ஜப்பானியப் படையெடுப்பு, சுதந்திர பர்மாவின் 1948 நில தேசியமயச் சட்டம், 1960களில் வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமை ஆக்கிய நே வின் ஆட்சி. முதல் அடியிலேயே கட்டடப் பணி நின்றது. அடுத்த தலைமுறை சென்னைக்கும் கோவைக்கும் மலேசியாவுக்கும் போனது. ஊரில் வாசல் பூட்டும், மாலையில் விளக்கேற்ற வருகிற ஒரு பெரியவரும் மிஞ்சினார்கள்.

பூட்டிய வீடு ஏன் இடிகிறது? பணம் இல்லாததால் மட்டும் இல்லை. ஒரு வீட்டைக் கட்டியவருக்கு நான்கு மகன்கள். அவர்களுக்குப் பிள்ளைகள், அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில், அதாவது உள்முற்றத்தைச் சுற்றி, ஓர் அறை. நான்காம் தலைமுறையில் இருபது, முப்பது பங்காளிகள், நாலைந்து நாடுகளில். ஓடு மாற்ற வேண்டுமென்றால் முப்பது பேர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் தொலைபேசியை எடுக்காவிட்டால் அந்த மழைக்காலம் போய்விடும். ஒழுகின இடத்தில் உத்தரம் உளுக்கும். பிறகு ஒருநாள் எல்லோரும் ஒரே விஷயத்துக்குச் சம்மதிப்பார்கள்: இடித்து, தூணையும் கதவையும் விற்றுப் பங்கு பிரிப்பது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் தேக்குத் தூண்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குற்ற உணர்வு வரும். நான் பணியில் இருந்த நாட்களில், இப்படியொரு வீட்டைச் சீர்செய்து விருந்தினர் விடுதி நடத்தக் கடன் கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். பத்திரம் ஒருவர் பெயரில் இல்லை என்பது காரணம். விதிப்படி நான் செய்தது சரி. அந்த வீடு இன்று இல்லை.

இனி, திரும்பி வந்தவர்களைப் பற்றி.

முதலில் அழகப்பர். கோட்டையூரில் 1909இல் பிறந்தவர். லண்டனில் பாரிஸ்டர் படித்தவர், விமானம் ஓட்டக் கற்றவர், மில் முதலாளி. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசண்ட் நூற்றாண்டு விழா. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்க வசதி படைத்தவர்கள் முன்வர வேண்டும் என்று பேசினார். கூட்டத்தில் இருந்த அழகப்பர் அங்கேயே நன்கொடை அறிவித்தார். அடுத்த மாதமே காரைக்குடியில் காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. இத்தனை வேகத்தை இன்று நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. அதோடு நிற்காமல், நாட்டின் தேசிய ஆய்வகங்களில் ஒன்றை இங்கே கொண்டுவர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தருவதாகச் சொன்னார். 1948 ஜூலை 25 அன்று ஜவகர்லால் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளில் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். நாம் சிக்ரி என்று அழைக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் அது. தொழுநோயோடு போராடிக்கொண்டே இத்தனையும் செய்த அந்த மனிதர் 1957இல் மறைந்தபோது வயது 48 நிரம்பவில்லை.

அழகப்பரை வள்ளல் என்று புகழ்கிறோம். புகழ வேண்டும். அவர் செய்ததன் பொருளாதாரத்தை மட்டும் நாம் அதிகம் பேசுவதில்லை. அவருக்கு முன்பும் இந்த மண்ணில் கொடைக்குக் குறைவில்லை. கோயிலுக்கும் சத்திரத்துக்கும் ஊரணிக்கும் வேத பாடசாலைக்கும் லாபத்தில் மகமை எடுத்து வைத்தவர்கள் இவர்கள். ஆனால் திருப்பணி முடிந்தால் கொத்தனார் வீட்டுக்குப் போய்விடுவார். கல்லூரி அப்படி முடிவதில்லை. ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக ஆயிரம் பேர் வருகிறார்கள். அவர்களுக்கு அறை வேண்டும், இட்லி வேண்டும், சட்டை தைக்க வேண்டும், சைக்கிள் பஞ்சர் ஒட்ட வேண்டும், நோட்டு வேண்டும். ஆசிரியருக்கு மாதச் சம்பளம், அதில் பாதி இந்தத் தெருக்களிலேயே செலவாகும். ரங்கூனில் எது நடந்தாலும் அது நிற்காது. எங்கள் வட்டாரத்தின் பேரேட்டில் உள்ளூரிலேயே தினமும் வந்துசேர்ந்த முதல் வரவு அதுதான் என்பது என் கணிப்பு. காரைக்குடி இன்று மாநகராட்சி. இங்கிருந்து அரை மணி நேரத்தில் போய்விடுகிற ஊர்களில் தெருத்தெருவாகப் பூட்டு. இரண்டும் ஒரே மண், ஒரே சமூகங்கள், ஒரே பர்மா இழப்பு. வேறுபாட்டுக்கு வேறு காரணங்களும் உண்டு. என் மனத்தில் முதலிடம் அந்தக் கல்லூரிக்கும் அந்த 300 ஏக்கருக்கும்தான்.

கோட்டையூர் என்றதும் இன்னொரு இழப்பும் நினைவுக்கு வருகிறது. ரோஜா முத்தையா அதே ஊர்க்காரர். வாழ்நாளெல்லாம் தமிழ் அச்சு நூல்களையும் இதழ்களையும் சேர்த்துத் தம் வீட்டை நூலகமாக்கினார். 1992இல் அவர் மறைந்த பிறகு, சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் திரட்டைக் காத்தது. அது இன்று சென்னையில் ஆய்வு நூலகமாக உலக ஆய்வாளர்களுக்குப் பயன்படுகிறது. காப்பாற்றப்பட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆய்வாளர்கள் கோட்டையூருக்கு வந்து தங்கிப் படிக்கும் நிலை இருந்திருந்தால் எத்தனை நன்றாக இருந்திருக்கும் என்ற ஏக்கமும் தீரவில்லை.

அடுத்தது, கைவேலையின் வழியாகத் திரும்பியவர்கள். கொட்டான் உங்களுக்குத் தெரியும். பனங்குருத்தைக் கீறிச் சாயமேற்றிப் பின்னும் கூடை. சீர் வைக்க, வெற்றிலை பாக்குக் கொடுக்க, பலகாரம் அனுப்ப ஆச்சிமார் வீட்டிலேயே பின்னியது. எவர்சில்வரும் பிளாஸ்டிக்கும் வந்து அதைப் பரணுக்கு ஏற்றிவிட்டன. விசாலாட்சி ராமசுவாமி அதைத் தேடி எடுத்தார். பின்னத் தெரிந்த வயதான ஆச்சிமாரிடம் கற்று, சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுக்க ஏற்பாடு செய்தார். அது பயிற்சியோடு நின்றிருந்தால் ஒரு சான்றிதழும் ஒரு புகைப்படமும்தான் மிஞ்சியிருக்கும். சென்னையில் விற்பனைக்கு வழி செய்தார், இன்றைய வீட்டுக்கு ஏற்ற அளவுகளும் நிறங்களும் கொண்டுவந்தார். அதனால்தான் பின்னுபவர் கையில் கூலி வந்தது. செட்டிநாட்டுக் கொட்டான் இப்போது புவிசார் குறியீடு பெற்ற பொருள்.

ஆத்தங்குடிக் கல் இன்னும் அழகான கதை. நீங்கள் போய்ப் பார்க்காமல் இருந்தால் ஒரு நாள் விடுமுறையில் போய்ப் பாருங்கள். சதுரக் கண்ணாடி ஒன்றை எடுத்துத் துடைத்து, அதன்மேல் பூவேலைத் தகட்டு அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வோர் அறையிலும் வண்ணம் கலந்த சிமெண்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் நிற்க வேண்டும். அந்த ஒரு நொடிக்குப் பத்தாண்டுக் கைப்பழக்கம் வேண்டும் என்று ஒரு தொழிலாளி சொன்னார். மேலே மணலும் சிமெண்டும் உலர்வாகத் தூவி, பிறகு ஈரக் கலவை போட்டு மட்டம் செய்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். சூளை இல்லை, மின்சாரம் இல்லை. கண்ணாடி கழன்று வரும்போது கல்லின் முகத்தில் அந்தக் கண்ணாடியின் பளபளப்பு இருக்கும். உள்ளூர் மணலும் உள்ளூர்க் கையும்தான் மூலப்பொருள். பர்மா தேக்கையும் இத்தாலியப் பளிங்கையும் இறக்கி அடுக்கிய இதே வட்டாரத்தில், வெளியே விலைபோகிற பொருளாக நிலைத்தது ஆத்தங்குடி மணலில் செய்த கல். இன்று பெங்களூரிலும் கொச்சியிலும் வீடு கட்டுகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

விடுதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவற்றைப் பற்றிப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. காரைக்குடியில் மீனாட்சி மெய்யப்பன் 1990களின் இறுதியில் தம் குடும்பத்தின் பழைய பங்களாவை விருந்தினர் இல்லமாக்கியது இதில் முன்னோடி முயற்சி. கானாடுகாத்தானிலும் கடியாபட்டியிலும் பிற வீடுகள் தொடர்ந்தன. கொத்தமங்கலத்தில் சாரதா விலாசை இரண்டு பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் சீரமைத்தார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் செட்டிநாடு இடம்பெற்றது. நல்லதே. ஆனால் சீசன் குளிர்காலத்து மூன்று நான்கு மாதம். தஞ்சாவூரிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில் ஓர் இரவு தங்குகிறவர்கள்தான் பெரும்பாலும். ஊரைத் தாங்க இது மட்டும் போதாது. விடுதிச் சமையலறைக்கு அரிசியும் கோழியும் காய்கறியும் எங்கிருந்து வருகின்றன என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வந்தால் அந்த விடுதி ஊரை வளர்க்கிறது. இல்லையென்றால் பழைய கதையேதான், வேறு முகவரியில்.

என் சொந்த அனுபவத்தைச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஓய்வுபெற்று ஊருக்குத் திரும்பியதும் நான் செய்த முதல் வேலை கொடை. நண்பர்களிடம் திரட்டிய பணத்தில் பன்னிரண்டு தையல் மெஷின் வாங்கிப் பெண்கள் குழு ஒன்றுக்குக் கொடுத்தோம். விழா நடந்தது. ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தேன். மெஷின்கள் துணி போர்த்தி, சுத்தமாக, வரிசையாக இருந்தன. ஒன்றும் ஓடவில்லை. குழுத் தலைவி என்னைவிட இருபது வயது இளையவர். சங்கடத்தோடு சொன்னார்: “அண்ணே, மெசினு இருக்கு. தைக்கவும் தெரியும். தைக்கச் சொல்லித் துணி குடுக்கத்தான் ஆளு இல்ல.”

அன்று இரவு நான் தூங்கவில்லை. அப்பாவின் பேரேட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் செய்தது செலவுப் பக்கத்தில் இன்னொரு வரி.

அந்தக் குழுவுக்குத் தேவை வாடிக்கை. எங்கள் பக்கத்தில் எந்த நாட்டில் இருந்தாலும் கல்யாணத்தைப் பூர்வீக வீட்டில் வைக்கிற வழக்கம் இன்னும் பல குடும்பங்களில் இருக்கிறது. ஒரு கல்யாணத்துக்கு ஆயிரம் தாம்பூலப் பை வேண்டும். அவை மதுரையிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்துகொண்டிருந்தன. சமையல்காரர்களிடமும் பந்தல்காரர்களிடமும் கேட்டு, அடுத்த முகூர்த்தங்களின் பட்டியலைத் தயாரித்தோம். நான் வீடு வீடாகப் பேசினேன். மூன்றில் ஒருவர் சரி என்றார். முதல் தவணையில் தையல் கோணலாக இருந்தது என்று நூற்றைம்பது பை திரும்பி வந்தது. பிரித்துத் தைத்தார்கள். இரண்டாவதில் திரும்பவில்லை. இப்போது அச்சாரம் வாங்கித்தான் துணி வெட்டுகிறார்கள். பன்னிரண்டு மெஷினில் ஒன்பது ஓடுகிறது. பக்கத்து வீட்டில் மணகோலமும் சீப்புச் சீடையும் சுடுகிற மூன்று பெண்கள், அதே கல்யாணங்களுக்குப் பலகாரமும் சேர்த்து அனுப்புகிறார்கள். இது பெரிய சாதனை என்று நான் சொல்ல வரவில்லை. ஒன்பது வீட்டில் மாத வருமானம், அவ்வளவுதான். அந்த ஒன்பது வீட்டுப் பிள்ளைகளும் அந்த வருமானத்தில்தான் பள்ளிக்குப் போகிறார்கள்.

இதில் நான் கற்றது நேரத்துக்குப் பணம் கொடுப்பதன் அருமை. ஓர் அமைப்பு பெரிய அளவில் பை வாங்கிக்கொண்டு, பணத்தை ஏழு மாதம் இழுத்தது. அந்த ஏழு மாதத்தில் இரண்டு பெண்கள் நகையை அடகு வைத்தார்கள். ஒருவர் குழுவை விட்டே போனார். நூறு பை வாங்கி அன்றே பணம் கொடுக்கிற ஒருவர், ஆயிரம் பை வாங்கி இழுக்கிற அமைப்பைவிட ஊருக்கு நல்லது செய்கிறார். பழைய செட்டியார் கடைகளில் உண்டியல் என்கிற பணச்சீட்டுக்கு உரிய நாளில் பணம் கொடுக்காதவருக்குக் கடைத்தெருவில் முகம் இருக்காது. அந்த ஒழுங்கு எங்கள் மண்ணில் பிறந்ததுதான்.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். நகரத்தார் கோயில்களில் புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு. திருமணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. அவர் கோலாலம்பூரில் இருந்தாலும் நியூ ஜெர்சியில் இருந்தாலும் ஊர்க் கோயிலில் அவர் பெயர் உண்டு, புள்ளி வரி உண்டு. ஊரை விட்டுப் போனவரையும் ஊர்க்காரராகவே வைத்திருக்க இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அந்த ஏட்டை நான் மதிக்கிறேன். அதே ஏட்டில் என் அப்பா பெயர் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டுக்காகவே வாழ்நாள் முழுவதும் கணக்கெழுதியவர் அவர். கண்டாங்கிச் சேலை நெய்தவர் பெயரும் அதில் இல்லை. சுண்ணாம்பு அரைத்தவர் பெயரும் இல்லை. அது ஒரு சமூகத்தின் கோயில் கணக்கு. அது அப்படியே இருக்கட்டும்.

ஊருக்கென்று இன்னோர் ஏடு திறப்போம் என்கிறேன். அதில் எல்லாச் சாதியாரும் எல்லாச் சமயத்தாரும் புள்ளி. சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிற தம்பியும் புள்ளி, சென்னையில் கணினி வேலை பார்க்கிற மகளும் புள்ளி. வரியாகப் பணம் கேட்க வேண்டாம். ஒவ்வொரு புள்ளியும் ஊரில் விளைகிற, செய்கிற ஏதாவது ஒன்றைத் தொடர்ந்து வாங்குவதாகப் பெயர் கொடுக்கட்டும். மாதம் இரண்டு கிலோ பலகாரம் ஆகலாம். தீபாவளிக்குப் பத்துக் கொட்டான் ஆகலாம். வீடு கட்டும்போது ஓர் அறைக்கு ஆத்தங்குடிக் கல் ஆகலாம். நாலு மாதம் முன்பே சொல்லி, அச்சாரம் கொடுத்து, சரக்கு வந்த வாரம் மீதியைத் தீர்க்க வேண்டும். ஓர் ஊரில் முந்நூறு புள்ளி சேர்ந்தால், அதைக் காட்டி அந்த ஊர்ப் பெண்கள் குழு நடைமுறை மூலதனக் கடன் கேட்கலாம். அப்படியொரு தாளோடு யாராவது என் மேசைக்கு வந்திருந்தால் நான் கையெழுத்துப் போட்டிருப்பேன். பத்திரம் தம் ஒருவர் பெயரில் இல்லாத அந்த வீட்டுக்காரருக்கும் முன்பதிவுத் தாள் ஒன்று கையில் இருந்திருந்தால், மேலதிகாரியிடம் வாதாட எனக்கு ஏதாவது கிடைத்திருக்கும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. போன மாதம் ஆத்தங்குடிக் கல் வேலை செய்கிற ஒருவரின் மகன், டிப்ளமோ முடித்தவன், சிங்கப்பூர் வேலைக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்டான். போ என்றேன். அவன் அப்பாவின் முதுகைப் பார்த்தவன் நான், இங்கேயே இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கல்லுக்குக் கிடைக்கிற கூலி உயராதவரை அப்படிச் சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஊரிலேயே இருந்தவர்களைவிடத் திரும்பி வந்தவன் பெரியவன் என்ற நினைப்பு எனக்கும் கொஞ்ச நாள் இருந்தது. மெஷின்மேல் போர்த்தியிருந்த துணி அதைப் போக்கியது. ஊரை இத்தனை காலம் வைத்திருந்தவர்கள், போக வழி இல்லாமலோ போக மனம் இல்லாமலோ இங்கேயே இருந்தவர்கள். திரும்பி வருகிறவர் அவர்களிடம் வேலைக்குச் சேர்கிறவர்போல வர வேண்டும். அந்தப் பையன் போய்விட்டான். போகும் முன் தன் கைபேசி எண்ணைக் கொடுத்து, அங்கே குடியிருப்புகளுக்குத் தரை போடுகிற ஒப்பந்தக்காரர்களிடம் கல்லின் மாதிரியைக் காட்டுகிறேன் என்றான். நான்கு கல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

பொன்னாடைக்கு வருகிறேன். இந்தக் கல்லூரியில் ஆண்டு முழுவதும் நடக்கிற விழாக்களில் எத்தனை பொன்னாடை போர்த்துகிறீர்கள் என்று அலுவலகத்தில் விசாரித்தேன். நூறுக்கு மேல் இருக்கும் என்றார்கள். எல்லாம் வெளியூரிலிருந்து மொத்தமாக வருபவை. காரைக்குடிக் கண்டாங்கி 2019இல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. தறிகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது. மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரையும் கட்டமும் போட்டு இரண்டு முழத்தில் ஒரு துண்டு நெய்ய முடியுமா என்று நான் ஒரு நெசவாளியிடம் கேட்டேன். முடியும், நூறு என்றால் முன்கூட்டியே பாவு ஓட வேண்டும், மூன்று மாத அவகாசம் வேண்டும் என்றார். விலையும் சொன்னார், பொன்னாடையைவிடக் கொஞ்சம் கூடுதல். எழுதி வாங்கி வந்திருக்கிறேன். இந்தச் சொற்பொழிவுக்காக எனக்குத் தந்த உறையை அச்சாரமாக வைத்து, அந்தத் தாளோடு முதல்வர் அவர்களிடம் இப்போது கொடுக்கிறேன். அந்த நெசவாளியின் தறி, இந்த மண்டபத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருக்கிறது.